சும்மா கெடக்குற ப்ரோக்ராம் கோடை எடுத்துக் காசுக்கு விக்கலாமா: ஆச்சி கேட்டதுக்கு கொஞ்சம் நீளமான பதில்

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு பலகாரக் கடை இருக்கு, அங்க பில்லிங் சாப்ட்வேர் நான் போட்டுக் குடுத்தது. கைமுறுக்கு, மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம்னு கிலோ கணக்குல ஒரு ரேட்டு, கல்யாண ஆர்டருக்கு எண்ணிக்கை கணக்குல வேற ரேட்டு, உள்ளூர் பில்லு தமிழ்ல வரணும், சிங்கப்பூர் பார்சலுக்கு இங்கிலீஷ்ல வரணும், இதான் வேலை. கடைய நடத்துறது எழுபது வயசு ஆச்சி ஒருத்தங்க. தீபாவளிக்கு சென்னையிலேர்ந்து வந்த பேரன், ஐடில இருக்கான், கல்லால சும்மா ஒக்காந்தவன் சாப்ட்வேர்ல 'எங்களைப் பற்றி' பக்கத்தத் தெறந்து பாத்திருக்கான், அங்க நான் யூஸ் பண்ணின இருபத்தாறு ஓபன் சோர்ஸ் லைப்ரரி (அடுத்தவங்க எழுதி, உள்ள இருக்கற கோடோட பொதுவுல விட்டு வச்சிருக்கற ரெடிமேட் ப்ரோக்ராம் துண்டு) பேரும் அதோட லைசென்ஸும் வரிசையா இருக்கு. "அப்பத்தா, இதுல பாதி இன்டர்நெட்ல ப்ரீயா கெடக்குறதுதான்"னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டான்.

மறுநாள் காலையிலயே போன். "ஏந்தம்பி, சும்மா கெடக்குறத எடுத்தா எங்கிட்ட பதினெட்டாயிரத்துக்கு வித்த?"

சட்டப்படி விக்கலாம் ஆச்சின்னு ஆரம்பிச்சேன். "நான் சட்டத்தக் கேக்கல, கணக்கக் கேக்குறேன்"னாங்க. போன்ல சொல்லி முடியற விஷயமா இது, அதான் இங்க எழுதுறேன், ஏன்னா ஆச்சி கேட்ட அதே கேள்வியோட தப்பு வெர்ஷன் நம்ம ஊர்ல ப்ரோக்ராம் எழுதுற பசங்க பாதிப்பேர் மண்டையிலயும் இருக்கு. ஒரு கூட்டம் ஓபன் சோர்ஸ்னா என்ன வேணா பண்ணலாம்னு நெனைக்குது, இன்னொரு கூட்டம் அத காசுக்கு விக்கிற சாப்ட்வேர்ல தொடவே கூடாதுன்னு நெனைக்குது. ரெண்டும் தப்பு.

முதல்ல அந்த 'ப்ரீ'ங்கற வார்த்தை. இங்கிலீஷ்ல அது ஒரே வார்த்தை, காசு இல்லங்கறதுக்கும் அதுதான், கட்டு இல்லங்கறதுக்கும் அதுதான், அதனால அவங்க கொழம்புறதுல நியாயம் இருக்கு. நமக்கு இலவசம்னு ஒண்ணு, கட்டற்றதுன்னு ஒண்ணு தனித்தனியா இருந்தும் நாமளும் கொழம்புறோம் பாருங்க. இந்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்த ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985 வாக்குல தான் எழுதின ஈமேக்ஸ் எடிட்டரை டேப்புல ஏத்தி 150 டாலருக்கு வித்து அதுல பொழைப்பு ஓட்டினவரு. அவரு எழுதின ஜிபிஎல்ங்கற லைசென்ஸ்லயே காப்பி குடுக்க காசு வாங்கிக்கலாம்னு எழுதியிருக்கு. விக்கிறது பிரச்சினையே இல்ல. விக்கும்போது கூட எதக் குடுக்கணும்ங்கறதுதான் பிரச்சினை.

இன்னொரு அடிப்படை விஷயம். ஒருத்தன் எழுதின கோடு, எழுதின நிமிஷத்துலேர்ந்து அவனுக்கு காப்பிரைட், எங்கயும் போய் ரெஜிஸ்டர் பண்ணத் தேவையில்ல. நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் இலக்கியப் படைப்பு வகையில வருது (கேக்க சிரிப்பா இருக்கும், என் கோடை இலக்கியம்னு சொன்னா எங்க தமிழ் வாத்தியார் அழுவாரு). அதனால கிட்ஹப்ல (ப்ரோக்ராம் எழுதுறவங்க கோடைப் போட்டு வைக்கிற வெப்சைட்) யாரோ போட்டு வச்சிருக்கற கோடுல லைசென்ஸ் பைல் இல்லைன்னா அது பொதுச்சொத்து இல்ல, நேர் எதிர், உங்களுக்கு எந்த உரிமையும் குடுக்கலன்னு அர்த்தம். தெருவப் பாத்து கதவு தெறந்து கெடக்குற வீடு மாதிரி, எட்டிப் பாக்கலாம், அதுக்காக உள்ள போயி அண்டா குண்டாவத் தூக்கிட்டு வர முடியாது. ப்ரோக்ராம் சந்தேகம் கேக்குற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சைட்டுல காப்பி அடிக்கிறோமே பத்து வரி, அதுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ்ல ஒரு லைசென்ஸ் இருக்கு, பேரு சொல்லணும், மாத்தி எழுதினா அதே லைசென்ஸ்ல குடுக்கணும்னு, யாரு பாக்குறா. சட்டத்தோட 63பி பிரிவு, திருட்டு காப்பின்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல யூஸ் பண்ணினா 7 நாள்லேர்ந்து 3 வருஷம் வரை ஜெயில், 50,000லேர்ந்து 2 லட்சம் வரை அபராதம்னு சொல்லுது, லாபத்துக்காகவோ வியாபாரத்துலயோ இல்லைன்னா கோர்ட்டு ஜெயில விட்டுட்டு அபராதத்தோட நிறுத்தலாம். லைசென்ஸ்ங்கறது இந்தச் சட்டத்துலேர்ந்து உங்களக் காப்பாத்துற பத்திரம், அத மீறினா பத்திரம் இல்லாத ஆளாயிடுறீங்க, அவ்வளவுதான்.

பத்திரத்துல ரெண்டு சாதி. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 இதெல்லாம் தாராளமான சாதி. எம்ஐடி லைசென்ஸ் அரைப்பக்கம் கூட வராது, கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், எழுதினவன் பேர் இருக்கற காப்பிரைட் வரியையும் இந்த லைசென்ஸையும் எல்லா காப்பியிலயும் சேத்துக் குடு. கூடவே கொட்டை எழுத்துல, ஏதாச்சும் கெட்டுப் போனா என்னைக் கேக்காதேன்னு ஒரு பாரா. அப்பாச்சியில பேடன்ட் பத்தி ஒரு பாதுகாப்பும், நோட்டீஸ்னு ஒரு பைல் இருந்தா அத தூக்கிப் போடக்கூடாதுங்கறதும் கூடுதல். உங்க ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ்க்குள்ள போனப் பத்தின பக்கத்துல சட்டத் தகவல்னு ஒண்ணு இருக்கும், அதத் தெறந்தா லைசென்ஸ் லைசென்ஸா விரல் வலிக்கிற வரை தள்ளிக்கிட்டே இருக்கலாம், அது இந்தக் கண்டிஷனுக்காகத்தான். அவ்வளவு பெரிய கம்பெனிங்க ஒழுங்காச் செய்யுறத நம்ம ஊர் சாப்ட்வேர்ல ஒருத்தரும் செய்யறதில்ல, செஞ்ச ஒரே ஆளு நான், அதுக்குத்தான் ஆச்சிகிட்ட மாட்டினேன்.

ரெண்டாவது சாதி ஜிபிஎல். ரெண்டாம் வெர்ஷன் 1991, மூணாவது 2007. இதச் சுருக்கமாச் சொன்னா, என் கோடை உன் கோடோட சேத்து ஒரே ப்ரோக்ராமாக்கி அடுத்தவனுக்குக் குடுத்தா, மொத்த ப்ரோக்ராமோட சோர்ஸையும் (மனுசன் படிச்சு மாத்தக்கூடிய மூல கோடு) இதே உரிமையோட அவனுக்குக் குடு. இங்க 'குடுத்தா'ங்கற வார்த்தையில மொத்த விஷயமும் இருக்கு. குடுக்கலைன்னா ஒண்ணுமே இல்ல. ஜிபிஎல் கோடை எடுத்து உங்க கடைக்குள்ளயே நீங்களே மாத்தி வச்சு ஓட்டினா யாருக்கும் எதுவும் காட்ட வேண்டாம். சர்வர்ல வச்சு வெப்சைட்டா ஓட்டினாலும் ஜிபிஎல் கண்டுக்காது, ஏன்னா ப்ரோக்ராம் கை மாறல. இந்த ஓட்டைய அடைக்கத்தான் 2007 நவம்பர்ல ஏஜிபிஎல் மூணாம் வெர்ஷன் வந்துச்சு, கோடை மாத்தி நெட்வொர்க் வழியா ஆளுங்கள யூஸ் பண்ண விட்டாக்கூட சோர்ஸ் குடுக்கணும்ங்குது. 2021ல ட்ரம்ப் கம்பெனியோட ட்ரூத் சோஷியல், ஏஜிபிஎல்ல இருந்த மாஸ்டடான்ங்கற சோஷியல் மீடியா சாப்ட்வேர் கோடை எடுத்து சோர்ஸ் லிங்கு குடுக்காம ஓட்டி, சாப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சிங்கற அமைப்பு பகிரங்கமாக் கேட்டப்புறம் நவம்பர்ல சோர்ஸை ஒரு ஜிப் பைலாப் போட்டாங்களே, அது இந்த கண்டிஷன்தான்.

நெறையப் பேர் தப்பாப் புரிஞ்சுக்குற இடம் ஒண்ணு, ஜிபிஎல்னா உலகத்துக்கே கோடைத் தெறந்து வைக்கணும்னு. அப்படி இல்ல. காப்பி யாருகிட்ட போச்சோ அவங்களுக்கு சோர்ஸ் போனாப் போதும் (கூடவே குடுக்காம, கேட்டா தர்றேன்னு எழுதிக் குடுக்குற வழியில போனா கேக்குற எவனுக்கும் குறைஞ்சது 3 வருஷத்துக்கு தர வேண்டியிருக்கும், அதனால கூடவே குடுத்துத் தொலைச்சிடுறது நல்லது). ஆனா அங்கதான் வியாபாரம் அடிபடும், ஏன்னா வாங்கினவர் அத யாருக்கு வேணா குடுக்கலாம், தடுக்க முடியாது. ஆச்சி கடைக்கு நான் ஜிபிஎல்ல குடுத்திருந்தா ஆச்சி அத தேவகோட்டையில இருக்கற தம்பி கடைக்கு, அவரு கண்டனூர் மாப்பிள்ள கடைக்குன்னு காப்பி போட்டுக்கிட்டே போகலாம், நான் ஒண்ணும் கேக்க முடியாது. ரெட்ஹாட் மாதிரி கம்பெனிங்க அதான் காப்பிக்கு காசு வாங்காம சப்போர்ட்டுக்கு சந்தா வாங்கிப் பெரிசானாங்க. என் சாப்ட்வேர வாங்கின பதினாலு பலகாரக் கடைய வச்சு நான் அப்படி சந்தா வாங்க முடியுமா சொல்லுங்க.

நடுவுல எல்ஜிபிஎல்னு ஒண்ணு, லைப்ரரிய தனி பைலா வச்சு கூப்பிட்டுக்கிட்டா உன் கோடை மூடியே வச்சுக்கோ, ஆனா வாங்கினவன் அந்த லைப்ரரிய மட்டும் மாத்திப் போட்டுக்க வழி விடுங்குது. பைத்தான் ப்ரோக்ராம் மொழியில ஜன்னல் பட்டன்லாம் வரைய பைக்யூட்ங்கற லைப்ரரிய யூஸ் பண்றவங்க இத கவனிக்கணும், பைக்யூட் ஜிபிஎல், இல்ல காசு குடுத்து வாங்கணும், கிட்டத்தட்ட அதே வேலைய செய்யுற பைசைடு எல்ஜிபிஎல். கோடுல லைப்ரரியக் கூப்பிடுற ஒரு வரிதான் வித்தியாசம் மாதிரி தெரியும், லைசென்ஸ்ல மலைக்கும் மடுவுக்கும்.

இப்ப என் கதை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சிங்கப்பூர்ல மளிகைக் கடைங்க வச்சிருக்கற ஒருத்தர், ஆச்சிக்கு ஒறவு, இதே சாப்ட்வேர் தனக்கும் வேணும்னாரு. பேசி முடிச்சு அட்வான்ஸ் வரப்போற நேரத்துல அவரோட வக்கீல்கிட்டேர்ந்து ஒரு மெயில், உள்ள என்னென்ன ஓபன் சோர்ஸ் இருக்கு, ஒவ்வொண்ணும் என்ன லைசென்ஸ், லிஸ்ட்டு அனுப்புங்க. அட நம்மகிட்ட என்ன இருக்கப் போவுதுன்னு ஒக்காந்து எண்ணினேன். நேரா நான் சேத்தது ஒன்பது. அந்த ஒன்பது இழுத்துக்கிட்டு வந்தது இன்னும் பதினேழு. அதுல பில்லை பிடிஎஃப் ஆக்குற லைப்ரரி ஏஜிபிஎல். நான் மொதல்ல எடுத்தப்போ பழைய வெர்ஷன், தாராள லைசென்ஸ், நல்லா ஞாபகம் இருக்கு படிச்சேன். நடுவுல ஒரு நாள் அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன், லைசென்ஸ் மாறியிருக்கறத யாரு பாத்தா. தப்பு முழுக்க என்னோடது, அந்த லைப்ரரிக்காரங்க ஊரறியச் சொல்லிட்டுத்தான் மாத்தியிருக்காங்க. ஐடெக்ஸ்ட்ங்கற பிடிஎஃப் லைப்ரரி கூட 2009 டிசம்பர்ல 5ஆம் வெர்ஷன்லேர்ந்து இப்படித்தான் ஏஜிபிஎல்லுக்கு மாறுச்சு, இது ஒண்ணும் அதிசயம் இல்ல.

மூணு வழி இருந்துச்சு. என் மொத்த கோடையும் தெறக்கணும், இல்ல அவங்ககிட்ட காசு கட்டி கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கணும், இல்ல தூக்கிட்டு வேற போடணும். கமர்ஷியல் லைசென்ஸ் விலையக் கேட்டுட்டு போனக் கீழ வச்சுட்டேன். எம்ஐடில இருந்த வேற ஒண்ண எடுத்து மாட்டினேன், அரைநாள் வேலை, ஆகா முடிஞ்சுதுன்னு ஒரு பில்லு அடிச்சுப் பாத்தா மணகோலத்துல 'கோ'வோட கொம்பு 'க'வுக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போயி தனியா நிக்குது. தமிழ் எழுத்த சேத்து வரிசைப்படுத்துற வேலைய அந்த லைப்ரரி செய்யவே இல்ல, எழுத்து எழுத்தா அப்படியே வச்சுட்டுப் போகுது. ஆச்சி அத ஒரு தடவ பாத்திருந்தாங்கன்னா பதினெட்டாயிரத்தத் திருப்பிக் கேட்டிருப்பாங்க. அப்புறம் ஹார்ஃப்பஸ்னு ஒரு லைப்ரரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபிஸ்னு எல்லாத்துலயும் தமிழ் ஒழுங்காத் தெரியறதுக்குப் பின்னாடி இருக்கறது அதான், பழைய எம்ஐடி வகை லைசென்ஸ்தான், அத சேத்து பில்லு வடிவம் முழுக்க திரும்ப எழுத ஒரு மாசம் ஆச்சு. பதினாலு கடைக்கும் நேர்ல போயி மாத்தி வச்சேன். சிங்கப்பூர்க்காரர் அதுக்குள்ள வேற எங்கயோ வாங்கிட்டாரு.

பான்ட் விஷயத்தையும் சொல்லிடுறேன், தமிழ்ல பில்லு போடுறவங்க எல்லாருக்கும் இது இருக்கு. விண்டோஸோட வர்ற லதா, நிர்மலா பான்ட் பைலை நம்ம செட்டப்ல சேத்து அனுப்ப நமக்கு உரிமை கெடையாது. நோட்டோ தமிழ், மீரா இனிமை இதெல்லாம் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்ல இருக்கு, காசுக்கு விக்கிற சாப்ட்வேரோட தாராளமாச் சேத்து அனுப்பலாம், பான்ட்ட மட்டும் தனியா விக்கக் கூடாது, லைசென்ஸ் பைல் கூடவே போகணும்.

சரி, யாரு கண்டுபிடிக்கப் போறாங்கன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். லிங்க்சிஸ் ரவுட்டர் கதை இதுக்கு சரியான பதில். டபிள்யூஆர்டி54ஜின்னு நீலக் கலர் பொட்டி, 2003ல அதுக்குள்ள ஜிபிஎல்ல இருக்கற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுதுன்னு ஆர்வக்கோளாறு பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க. சோர்ஸ் எங்கன்னு கேட்டா கம்பெனிக்கே தெரியல, ஏன்னா சிஸ்கோ அந்த வருஷம்தான் லிங்க்சிஸை வாங்கியிருந்துச்சு, லிங்க்சிஸ் சிப்பை பிராட்காம்கிட்ட வாங்கியிருந்துச்சு, லினக்ஸ் அந்த சிப்போட வந்துச்சு. கடைசியா வித்தவன் தலையிலதான் விடிஞ்சுது. நெருக்கடி தாங்காம அந்த வருஷமே சோர்ஸை வெளிய விட்டாங்க, அதுலேர்ந்துதான் ரவுட்டருக்கான ஓபன்டபிள்யூஆர்டிங்கற ஓபன் சோர்ஸ் சாப்ட்வேர் பொறந்துச்சு. அதோட விடல, மத்த பொருளுக்கெல்லாம் சேத்து 2008 டிசம்பர்ல ஃப்ரீ சாப்ட்வேர் ஃபவுண்டேஷன் சிஸ்கோ மேல கேஸே போட்டுச்சு, 2009ல சமரசம் ஆச்சு. இன்னொரு கேஸ், எனக்குப் புடிச்சது, பொம்மை ரயில். ஜேகப்சன்னு ஒரு இயற்பியல்காரர், பொம்மை ரயில் ஓட்டுற ப்ரோக்ராமை இலவசமா விட்டு வச்சிருந்தாரு, கேட்சர்ங்கறவர் கம்பெனி அதுலேர்ந்து பைலுங்கள எடுத்து பேர் போடாம தன் சரக்குல சேத்துச்சு. சும்மா குடுத்ததுக்கு நஷ்டம் என்ன இருக்குன்னு வாதம். அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் கோர்ட்டு 2008 ஆகஸ்ட்ல சொன்னது, காசு வாங்கலன்னாலும் பேர் போடுங்கறது உண்மையான கண்டிஷன், மீறினா காப்பிரைட் மீறல்னு. ஆச்சி கேட்ட 'கணக்கு' இதுதான். காசுக்குப் பதிலா பேரு, இல்ல சோர்ஸு. விலை ரூபாயில இல்லங்கறதுக்காக விலையே இல்லன்னு ஆகாது.

இதுல காரைக்குடிக்காரனுக்கு சொல்லாமலே புரியற பகுதி ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில பர்மா தேக்கு நிலைக்கதவு வாங்கறவன் மொதல்ல என்ன கேப்பான், இது எந்த வீட்டுது, பங்காளிங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா. ஒரு பெரிய வீட்டுக்கு இருபது முப்பது புள்ளி (பங்குள்ள குடும்பம்), ஒருத்தர் மலேசியாவுல, ஒருத்தர் அமெரிக்காவுல, ஒருத்தர் எங்கன்னே தெரியல, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் வீடு விக்க முடியும், அதனாலதான் பாதி வீடு வவ்வாலோட கெடக்கு. ஓபன் சோர்ஸும் அதே கூட்டுச் சொத்துதான். லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல ஆயிரக்கணக்கான பேர் எழுதியிருக்காங்க, எழுதின கோடோட காப்பிரைட் அவங்கவங்ககிட்டயே இருக்கு, அதனால அத ஜிபிஎல் ரெண்டுலேர்ந்து மூணுக்கு மாத்தக்கூட நடைமுறையில வழி இல்ல. விஎல்சி வீடியோ ப்ளேயர் ஆளுங்க 2011, 2012ல ஜிபிஎல்லேர்ந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற நெனைச்சு நூத்துக்கும் மேல ஆளுங்கள ஒவ்வொருத்தரா தேடித் தேடி சம்மதம் வாங்கினாங்க, சாந்தி கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) அழைப்பு வைக்கிற மாதிரி வீடு வீடா.

ஆனா சில கம்பெனி ப்ராஜெக்ட்ல நீங்க கோடு அனுப்பறதுக்கு முன்னாடியே ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிடுவாங்க, லைசென்ஸ் மாத்துற அதிகாரமும் கம்பெனிக்குன்னு. பவர் பத்திரம் எழுதிக் குடுத்துட்டு வெளிநாடு போன பங்காளி கதைதான். பெரும்பாலும் அந்த மாதிரி இடத்துலதான் ராத்திரியோட ராத்திரியா லைசென்ஸ் மாறும். டேட்டா சேத்து வைக்க, தேட, சர்வர் நடத்தன்னு யூஸ் ஆகுற சாப்ட்வேருங்கள்ல மோங்கோடிபி 2018ல, எலாஸ்டிக்சர்ச் 2021ல, டெராஃபார்ம் 2023 ஆகஸ்ட்ல, ரெடிஸ் 2024 மார்ச்ல மாறுச்சு. பெரிய கிளவுடு கம்பெனிங்க தங்க சரக்க எடுத்து சர்வீஸா வித்து சம்பாதிக்குது, தங்களுக்கு ஒண்ணும் வரலங்கறது அவங்க மனக்கொறை, அது நியாயமும்தான். ஆனா அவங்க கோடை நம்பி சரக்கு கட்டினவன் கதி? ஒரே ஆறுதல், முன்னாடி வெளிவந்த வெர்ஷனுக்கு குடுத்த உரிமைய திரும்பப் புடுங்க முடியாது, அதனால அந்தப் பழைய வெர்ஷன்லேர்ந்தே டெராஃபார்முக்கு ஓபன்டோஃபு, ரெடிஸுக்கு வால்கின்னு ஆளுங்க தனிக்குடித்தனம் போயிட்டாங்க. எலாஸ்டிக் 2024லயும் ரெடிஸ் 2025லயும் ஏஜிபிஎல்லயும் தர்றோம்னு எறங்கி வந்துச்சு.

அதனால இப்ப நான் ஒரு லைப்ரரி சேக்கறதுக்கு முன்னாடி லைசென்ஸ் பைலைப் படிக்கிறது மட்டும் இல்ல, யாரு பேர்ல காப்பிரைட் இருக்கு, ஒரே கம்பெனியா நாலு பேரான்னும் பாக்குறேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கு அப்புறமும் லைசென்ஸ் லிஸ்ட்ட திரும்ப எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட், பைத்தானுக்கும் நோடுக்கும் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுறது) அதுக்குன்னே ரெடிமேடா டூல் இருக்கு, ஏஜிபிஎல்னு ஒரு வரி வந்தா சாப்ட்வேரைக் கட்டி முடிக்கிற பில்டு வேலையே நின்னுடும். பெரிய கம்பெனியில இதுக்குன்னு தனி ஆளே வச்சிருப்பாங்க, நமக்கு இது போதும்.

இவ்வளவையும் ஆச்சிக்கு கடையிலயே ஒக்காந்து சொன்னேன், முறுக்கு சுத்துற ரெண்டு அக்காவும் சேந்து கேட்டாங்க. கடைசியில ஆச்சி கேட்டாங்க, "அப்ப இந்த சாப்ட்வேர தேவகோட்டையில எந்தம்பி கடைக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்திடவா?"

இல்ல ஆச்சி, நான் எழுதின பகுதி மூடின லைசென்ஸ், ஒரு கடைக்கு ஒண்ணுதான், அவருக்கு வேணும்னா தனியா வாங்கணும்னேன்.

"அப்ப நீ சும்மா வாங்கலாம், நான் சும்மா குடுக்கக் கூடாது."

லைசென்ஸ் அப்படித்தான் அனுமதிக்குது ஆச்சின்னேன். ஆச்சி ஒண்ணும் சொல்லல. வழக்கமா போறப்ப ஒரு பொட்டலம் மணகோலம் சும்மா கையில குடுத்து அனுப்புவாங்க. அன்னைக்கி கால் கிலோ நிறுத்துப் போட்டு, பில்லு அடிச்சு, கொம்பு சரியா இருக்கான்னு கண்ணாடிய ஏத்திப் பாத்துட்டு எங்கிட்ட நீட்டினாங்க.